அப்பா முட்டாளாக இருந்தபோது

மாஸ்கோவை அடுத்த பாவ்லவோ-பசாத் என்ற சிறு நகரத்தில் ஒரு பையனுக்குப் பெரிய வண்ணப் பந்து ஒன்று பரிசாகக் கிடைக்கிறது. தெருவில் மோட்டார் வண்டி வந்தால் ஊரே வேடிக்கை பார்த்த காலம். பையனுக்கு ஒரு சந்தேகம்: வண்டி பந்தின்மேல் ஏறினால் என்ன ஆகும்? வண்டி வந்தது, பந்தை உருட்டிவிட்டான். என்ன ஆகுமோ அது ஆயிற்று. அந்தப் பையன்தான் அப்பா.

அலெக்சாந்தர் ராஸ்கினின் இந்தப் புத்தகம் 1961இல் ரஷ்ய மொழியில் வந்தது. தமிழுக்கு 'அப்பா சிறுவனாக இருந்தபோது' என்ற பெயரில் வந்து சேர்ந்தது. தலைப்பே முழு உள்ளடக்கத்தையும் சொல்லிவிடும். ஒவ்வொரு கதையிலும் அப்பா ஏதோ ஒரு அசட்டுத்தனம் செய்கிறார். ரொட்டியைத் தரையில் வீசுகிறார். கவிதை எழுதுகிறார். ஜெர்மன் பாடத்தைப் பழிவாங்கப் புறப்படுகிறார். எதிலும் ஜெயிப்பதில்லை. அழுகிறார், திட்டு வாங்குகிறார், வெட்கப்படுகிறார். அடுத்த கதையில் மறுபடியும் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறார்.

ராஸ்கின் நகைச்சுவை எழுத்தாளர். அவருடைய மகள் சாஷா சின்ன வயதில் அடிக்கடி நோயில் படுத்தவள். படுக்கையில் கிடக்கும் பிள்ளையைச் சிரிக்கவைக்கத் தன் சிறுவயதுச் சம்பவங்களைச் சொல்ல ஆரம்பித்தேன், அவைதான் புத்தகமாயின என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். சம்பவங்களை அவர் தேர்ந்தெடுத்த விதம்தான் விசேஷம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைவிட வலுவற்ற ஆள் வீட்டில் யார்? சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் உயரமானவர்கள். மருந்தைக் கையில் வைத்திருப்பவர்கள். அந்த நேரத்தில் வீட்டிலேயே உயரமான மனிதர் கட்டிலருகில் உட்கார்ந்து, தான் தோற்ற கதைகளாகப் பொறுக்கிச் சொல்கிறார்.

நம் வீடுகளில் பெரியவர்கள் சிறுவயதைப் பேசுவது வேறு தினுசு. ஐந்து மைல் நடந்து பள்ளிக்கூடம் போனார்கள். தெருவிளக்கில் படித்தார்கள். ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கதைகளில் வரும் பையன் ஒருநாளும் பையனாக இருந்ததில்லை, பிறந்ததிலிருந்தே அப்பாவாக இருந்தவன். கேட்கும் பிள்ளைக்கு அவனிடம் பேச ஒன்றும் இருக்காது. நம் சிறுவர் நூல்களில் பெரும்பகுதி இந்த ஐந்து மைல் நடந்த அப்பாவின் குரலில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் நெடுநாள் புகார். கதை முடிந்தபின் தடித்த எழுத்தில் 'நீதி' என்று போட்ட வரி அந்தக் குரல்தான். அம்புலிமாமாவை வீட்டுக்கு வந்ததும் முதலில் பெரியவர்களே எடுத்துக்கொண்டு போனதற்கும், வாண்டுமாமாவை நாற்பது வயதிலும் தேடிப் படிப்பவர்கள் இருப்பதற்கும் காரணம், அவை அந்த வரிக்காக எழுதப்படவில்லை என்பதுதான்.

ராஸ்கினை வீட்டில் உரக்கப் படித்தால் ஒரு பின்விளைவு உண்டு. நான்கைந்து கதை முடிவதற்குள் கேட்கும் பிள்ளை, புத்தகத்தை விட்டுவிட்டு வாசிப்பவரைப் பிடித்துக்கொள்ளும். என் அண்ணன் மகள் எங்களைத் தாண்டி நேரே தாத்தாவிடம் போனாள். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்களோடு அதிகம் பேசி நாங்கள் பார்த்ததில்லை.

"தாத்தா, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப என்ன கூத்து பண்ணுனீங்க?"

"நானா? ஒண்ணும் பண்ணலையே தாயி."

மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று தாமாகவே ஆரம்பித்தார். அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நெற்குதிருக்குள் இறங்கி ஒளிந்தாராம். அங்கேயே தூங்கிப்போனாராம். ஊர் கிணற்றிலெல்லாம் ஆள் இறக்கித் தேடியிருக்கிறது. சொல்லி முடித்து மோரை ஊற்றிக்கொண்டார். அடுப்படியிலிருந்து ஆச்சி சொன்னாள்: "கால்சட்டையை நனைச்சதையும் சொல்லுங்க." ஆச்சி அவருக்குத் தாய்மாமன் மகள், அதே தெரு. அவளுக்குத் தெரியாத ரகசியம் அவரிடம் எதுவும் இல்லை. பிள்ளை உருண்டு உருண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தக் கதையை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதே இல்லை.

குதிருக்குள் தூங்கிய பையன் எனக்கு இன்னொரு ரஷ்யப் பையனை நினைவூட்டினான். அர்க்காதி கைதார் 1939இல் எழுதிய சுக், கெக் என்ற அண்ணன் தம்பியின் கதை. அப்பா தொலைதூரக் காட்டில் நிலவியல் ஆய்வுக் குழுவின் தலைவர். 'கிளம்பி வாருங்கள்' என்று முதலில் கடிதம் வருகிறது. பிறகு, 'வேலை வந்துவிட்டது, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்' என்று தந்தி வருகிறது. அம்மா வீட்டில் இல்லாத நேரம். பையன்கள் சண்டை போட்டதில் தந்தியை வைத்திருந்த தகரப்பெட்டி ஜன்னல் வழியே பறந்து பனியில் போய்விடுகிறது. இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார்கள்: பொய் சொல்லக் கூடாது, அம்மா தந்தி வந்ததா என்று கேட்டால் சொல்லிவிட வேண்டும், கேட்காவிட்டால் நாமாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா கேட்கவில்லை. எதற்குக் கேட்கப்போகிறாள்?

சிறுவயதில் இந்தக் கதை முழுக்க முழுக்க தகரப்பெட்டியின் கதைதான். மாட்டிக்கொள்வார்களா, மாட்டார்களா? ரயில், பனிச்சறுக்கு வண்டி, காடு எல்லாம் அந்தப் பயத்தின் நடுவே ஓடும் காட்சிகள். பிள்ளை பெற்றபின் படித்தால் அது வேறு புத்தகம். இரண்டு சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு நாட்கணக்கில் ரயிலிலும் அப்புறம் குதிரை வண்டியிலும் பயணம் செய்து ஒரு பெண் காட்டின் நடுவே வந்து இறங்குகிறாள். குடிசைகள் காலி. வரவேற்க ஒருவரும் இல்லை. காவல்காரனும் வெளியே போயிருக்கிறான். வண்டிக்காரனும் திரும்பிப் போக வேண்டியவன். அவள் செய்துகொண்டு வந்ததெல்லாம் சரியாகவே இருந்தது. ஏன் இப்படி ஆயிற்று என்பதே அவளுக்குத் தெரியாது. வாசகருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். கைதார் அவள் தவிப்பை விளக்கவே இல்லை. அவள் என்ன செய்தாள் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகிறார். பின்னால் ஒருநாள் கெக் காணாமல் போகிறான். அம்மா துப்பாக்கியை எடுத்துக் காட்டைப் பார்த்துச் சுடுகிறாள், சத்தம் கேட்டு வரட்டும் என்று. பையன் பெட்டிக்குள் ஒளிந்து அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கிறான். எட்டு வயதில் அந்தத் துப்பாக்கிச் சத்தம் சாகசமாகக் கேட்டது. இப்போது அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறேன்.

ஒரே சொற்கள்தான், ஒன்றுகூட மாறவில்லை. குழந்தைகளுக்காக எழுதும்போது கைதார் பெரியவர்களின் பயத்தை வெளியே எடுத்து வைத்துவிடவில்லை. பிள்ளையின் கண்மட்டத்துக்குச் சற்று மேலே அதை வைத்தார். குழந்தை அதன் கீழாக ஓடிப்போய்விடும். வளர்ந்து திரும்பி வருகிறவன் நெற்றியில் இடித்துக்கொள்வான். கைதார் 1941 அக்டோபரில் உக்ரைனில் போரில் இறந்தார். அப்பா திரும்பி வந்து சேரும் புத்தாண்டு இரவோடு முடியும் அந்தக் கதைக்கு அப்போது இரண்டு வயது. அப்பாக்கள் திரும்பாத வீடுகளில் அது பின்பு எப்படி வாசிக்கப்பட்டிருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

இந்தப் புத்தகங்கள் தமிழுக்கு வந்த கதை பலருக்கும் தெரிந்ததே. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1982இல் அதிலிருந்து பிரிந்த ராதுகாவும் அச்சிட்டன. 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் இங்கே விற்றது. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்தார்கள். விலை நம்ப முடியாத மலிவு, அட்டை கெட்டி, படங்கள் வண்ணம். புத்தக வண்டி ஊருக்கு வந்தால் கையிலிருந்த சில்லறைக்கே இரண்டு மூன்று வாங்கலாம். கூடவே 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள், பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட. 1991 டிசம்பரில் தேசமே இல்லாமல் போயிற்று, வண்டிகளில் அந்த வண்ணங்களும் குறைந்தன.

இன்று அந்தப் பழைய பிரதிகளைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். அச்சு மணத்தைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார்கள். எனக்கு இந்த உருக்கத்தில் பாதி சம்மதமில்லை. மணத்துக்காகப் புத்தகத்தைத் திறப்பவர் தன் பத்து வயதை மட்டும் முகர்ந்துவிட்டு மூடிவைக்கிறார். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. போதாததற்கு எல்லாப் புத்தகமும் நல்ல புத்தகமாகவும் இல்லை. தலைவர்களின் இளமைப் பருவம், கூட்டுப்பண்ணையின் மகிழ்ச்சியான பன்றிக்குட்டிகள் என்று எவ்வளவோ வந்தது. பிள்ளைகள் அவற்றைப் படம் பார்த்துவிட்டுத் தள்ளினார்கள். தள்ளாமல் வைத்துக்கொண்டவை சில. நிகலாய் நோசவின் கதையில் ஒரு தொப்பி தரையில் தானாக நகர்கிறது. இரண்டு பையன்கள் பயந்து நடுங்கி உருளைக்கிழங்குகளை எறிகிறார்கள். உள்ளேயிருந்து பூனைக்குட்டி வருகிறது. எந்தக் கொள்கையும் இதில் இல்லை. ஓர் அரசாங்கம் செலவு செய்து இதைத் தமிழில் போட்டு மதுரைக்கு அனுப்பியதை நினைத்தால் இப்போதும் வியப்புதான்.

எல்லாவற்றையும் கண்காணித்த ஒரு நாட்டில் சிறுவர் புத்தகம் மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக இருந்தது? கண்காணித்ததால்தான் என்பது பதிலின் ஒரு பகுதி. பெரியவர்களுக்கு எழுத முடியாதவர்கள் பிள்ளைகளின் அலமாரிக்கு இறங்கி வந்தார்கள். லெனின்கிராதில் சமுயில் மர்ஷாக் நடத்திய சிறுவர் பதிப்பகப் பிரிவு அப்படியொரு தங்குமடம். தனீல் கார்ம்ஸ் பெரியவர்களுக்காக எழுதியதில் அவர் உயிரோடு இருந்தபோது அச்சேறியது இரண்டே கவிதைகள். வாழ்ந்தது குழந்தைப் பாடல்களால். அந்த மடமும் பாதுகாப்பானதல்ல. கார்ம்ஸ் லெனின்கிராத் முற்றுகைக் காலத்தில், 1942இல், சிறையின் மனநோய் மருத்துவமனையில் இறந்தார். அதே பிரிவுக்காகச் சூரியனைப் பற்றியும் ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்டதைப் பற்றியும் சிறுவர்களுக்கு எழுதிய இயற்பியலாளர் மத்வேய் பிரான்ஸ்டைன் 1938 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 31. பிற்காலத்தில் ஓவியர்களின் கதையும் இதுவேதான். தங்கள் அறைகளில், பொதுப் பார்வைக்கு வராமல், படைத்துக்கொண்டிருந்த இலியா கபகோவ், எரிக் புலாத்தொவ் போன்றவர்கள் பல ஆண்டுகள் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்து பிழைத்தார்கள். கபகோவ் அதைச் சோற்றுக்கான வேலையாகத்தான் கருதினார், தன் கலையாக மதிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தங்கியவர்கள் எல்லோருமே மடத்தை நேசித்தார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்ளக் கூடாது.

இதில் மிகைல் சோஷென்கோவின் குரங்கு தனி அத்தியாயம். போரில் குண்டு விழுந்து உயிர்க்காட்சிசாலைக் கூண்டு உடைகிறது. ஒரு குரங்கு தப்பி நகரத்துக்குள் அலைகிறது. கடை வரிசையில் நின்று காத்திருக்க அதற்குத் தெரியாது. பசித்தால் எடுத்துக்கொண்டு ஓடுகிறது. 1945இல் இந்தக் கதை 'முர்ஸீல்கா' என்ற சிறுவர் இதழில் வந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறு ஆண்டு பெரியவர்கள் படிக்கும் 'ஸ்வெஸ்தா' இதழ் அதையே எடுத்துப் போட்டது. 1946 ஆகஸ்டில் கட்சித் தீர்மானம் வந்தது. சோவியத் வாழ்க்கையைவிடக் கூண்டே மேல் என்று குரங்கு நினைப்பதாகப் பெரிய தலைவர்கள் கண்டுபிடித்தார்கள். கவிஞர் அன்னா அக்மதோவாவோடு சேர்த்து சோஷென்கோவையும் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். பிள்ளைகள் கையில் இருந்தவரை குரங்கு குரங்காகவே இருந்தது. இரண்டாவது வாசகர் மட்டும் சந்தேகப்பட்டே பழகியவர். ஒரு விதத்தில் அவரும் நல்ல வாசகர்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கதையில் குழந்தைக்கு மேலே ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை அவர் மோப்பம் பிடித்தார். சிரிக்கத்தான் தெரியவில்லை.

ராஸ்கினிடம் திரும்பினால், அவருடைய மனைவியின் பெயர் ஃபிரீதா விக்தரோவா. பள்ளி ஆசிரியையாக இருந்து பத்திரிகையாளரானவர். நோயில் கிடந்த சாஷாவின் அம்மா. சிறுவனாக இருந்த அப்பாவைப் பற்றி ராஸ்கின் சொல்லும்போது பக்கத்து அறையில் இருந்திருக்கக்கூடியவர். புத்தகம் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1964இல், அவர் லெனின்கிராதுக்கு ஒரு வழக்கைப் பார்க்கப் போனார். 23 வயதுக் கவிஞன் ஒருவன் வேலைவெட்டி இல்லாமல் சமூகத்தைச் சுரண்டித் தின்கிறான் என்று குற்றச்சாட்டு. பெயர் யோசிஃப் பிராட்ஸ்கி. அதுவரை அச்சில் வந்த அவருடைய சொந்தக் கவிதைகள் மிகச் சொற்பம். அவற்றில் ஒன்று துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் சின்னப் படகைப் பற்றியது. 1962இல் 'கஸ்த்யோர்' என்ற சிறுவர் இதழில் வந்தது.

நீதிமன்றத்தில் விக்தரோவா நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதுவதை நிறுத்தச் சொன்னார்கள். முடிந்தவரை நிறுத்தாமல் எழுதினார். அந்தப் பதிவு கைக்குக் கை மாறி, தட்டச்சில் பெருகி, எல்லை தாண்டி அச்சேறியது. இன்று பிராட்ஸ்கியின் விசாரணையைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான். அவரோடு சேர்ந்து கடிதங்கள் எழுதி ஆதரவு திரட்டியவர் லிதியா சுக்கோவ்ஸ்கயா, சுட்டுக் கொல்லப்பட்ட பிரான்ஸ்டைனின் மனைவி. மர்ஷாக்கின் சிறுவர் பிரிவில் வேலை பார்த்தவர். பிராட்ஸ்கிக்காகப் பேசிய பெரிய பெயர்களில் லிதியாவின் தந்தை கர்னேய் சுக்கோவ்ஸ்கியும் மர்ஷாக்கும் உண்டு. நாட்டின் ஒவ்வொரு குழந்தையும் இந்த இருவரின் பாட்டில்தான் பேசக் கற்றது. பட்டியலைப் பார்த்தால், அந்த இளைஞனுக்காக எழுந்து நின்றவர்களில் முன்வரிசை, பிள்ளைகளின் அலமாரியில் இருந்து வந்தவர்களுடையது.

விசாரணையில் ஒரு கேள்வி பிரசித்தம். உன்னைக் கவிஞர்கள் வரிசையில் சேர்த்தது யார் என்று நீதிபதி கேட்டார். யாருமில்லை என்ற பிராட்ஸ்கி, மனித இனத்தில் என்னைச் சேர்த்தது மட்டும் யார் என்று திருப்பிக் கேட்டார். விக்தரோவாவின் கை அதை எழுதிக்கொண்டபோது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? அவருடைய வீட்டில் ஏற்கனவே இதைப் போன்ற ஒரு கேள்வி சிறுவர் கதையாக எழுதப்பட்டிருந்தது.

அப்பா தொழில் தேர்ந்தெடுக்கும் கதை அது. பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாளுக்கொரு பதில் சொல்கிறான். இரவுக் காவல்காரன், ஐஸ்கிரீம் விற்பவன் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது. ஒருநாள் நாயாக முடிவு செய்கிறான். நாலு காலில் ஓடுகிறான், குரைக்கிறான், தலையைத் தடவ வந்த பாட்டியைக் கடிக்கப் பார்க்கிறான். எல்லாம் கைவந்தது; காலால் காதுக்குப் பின்னால் சொறிவதுதான் வரவில்லை. நிஜ நாயின் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்கிறான். அப்போது அந்த வழியே வந்த ராணுவ உடுப்புக்காரர் நின்று விசாரிக்கிறார். மனிதனாக வேண்டாமா என்கிறார். நான்தான் எப்போதோ மனிதன் ஆகிவிட்டேனே என்கிறான் பையன். ஒரு நாயாகக்கூட ஆக முடியாத நீ என்ன மனிதன், மனிதன் என்றால் அவ்வளவுதானா, நீயே யோசி என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார். அவர் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. அடுத்த முறை யாரோ கேட்கும்போது, மனிதனாக ஆகப்போகிறேன் என்கிறான் பையன்.

பிராட்ஸ்கி இதைப் படித்துவிட்டு வந்து பதில் சொன்னார் என்று நான் கதைகட்டவில்லை. அப்படியெல்லாம் நடப்பதில்லை. காற்றில் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது, அவ்வளவுதான். யார் மனிதன் என்பதை அலுவலகங்கள் முடிவு செய்துகொண்டிருந்த காலம். அதை நேராகக் கேட்டவனுக்கு வடக்கே ஐந்தாண்டு கட்டாய உழைப்பு. நாய்வேஷம் போட்ட பையனின் வாயால் கேட்டவருக்குப் பல மொழிகளில் பதிப்பு. விக்தரோவா 1965 ஆகஸ்டில் புற்றுநோயில் இறந்தார். பிராட்ஸ்கி விடுதலையானது அடுத்த மாதம். ராஸ்கின் 1971இல் போனார். 1987இல் பிராட்ஸ்கிக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழில் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த நமக்கு இதில் ஒரு வரியும் தெரியாது. தெரியாமலேயே ராணுவ உடுப்புக்காரரின் பக்கத்தில் கொஞ்சம் நின்று படித்தோம்.

இப்படி நின்று படிப்பது பெரியவர்களின் பழக்கம். பள்ளிகளில் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உடுப்புக்காரர் வரும் இடத்தில் என் குரல் தானாகக் கனத்துவிடும். பிள்ளைகள் மரியாதைக்காகக் காத்திருப்பார்கள். முடிந்ததும் கைதூக்குகிற முதல் ஆள் கேட்பது ஒன்றுதான்: கடைசி வரைக்கும் காதைச் சொறிய முடியவே இல்லையா? அப்புறம் வகுப்பே தரையில் உட்கார்ந்துவிடும், காலைத் தூக்கிப் பார்க்க. ஒரு முறை கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்த பையன் ஒருவனுக்குக் கால் எட்டிவிட்டது. ஆசிரியையும் கைதட்டினார்.